பேஜ்மேக்கரை விடவும் முடியல, விண்டோஸ்ல இருக்கவும் முடியல: வைனா, விர்ச்சுவல்பாக்ஸா?

தங்கச்சிமடம்_டிடிபி:
கடை சிஸ்டம் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓட இலவச அப்டேட் முடிஞ்சுபோச்சு. டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் இல்லாததால விண்டோஸ் 11 ஏற மாட்டேங்குது. உப்புக்காத்துல போர்டே துருப்பிடிக்கிற ஊர்ல புதுசு வாங்கவும் மனசு வரல. ரேம் 4 ஜிபி. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடலாம்னு பாக்குறேன். ஆனா கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாமே பேஜ்மேக்கர் 7-ங்கிற பழைய விண்டோஸ் பக்க வடிவமைப்பு புரோகிராம்ல, பாமினிங்கிற தமிழ் ஃபான்ட்ல. என்ன வழி?

தொண்டி_மின்ட்:
வைன் போடுங்கண்ணே. விண்டோஸை உள்ள கொண்டாந்து வைக்கிற வேலை இல்ல. புரோகிராம் விண்டோஸ்கிட்ட கேக்குறதை லினக்ஸுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்கும். 4 ஜிபி தாராளம். 1993-ல ஆரம்பிச்சவங்க 1.0 விடவே 2008 ஆச்சு, அவ்வளவு நிதானம். எங்க கடையில பேஜ்மேக்கர் அதுலதான் ஓடுது. பாமினி ஃபைலை வைன் உருவாக்குற டிரைவ்_சி-க்குள்ள விண்டோஸ், ஃபான்ட்ஸ்னு இருக்கிற ஃபோல்டர்ல போட்டாப் போதும்.

கீழக்கரை_காக்கா:
தம்பி, திறக்கிறது பெருசில்ல, அச்சு வரணும்ல? வைன்ல விண்டோஸ் பிரிண்டர் டிரைவர் ஏறாது. லினக்ஸோட கப்ஸ்ங்கிற பிரிண்ட் சிஸ்டம் வழியாத்தான் அனுப்பும். பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இல்லேன்னா முகூர்த்த சீசன்ல பொண்ணு வீட்டுக்காரங்க கடை வாசல்ல நிப்பாங்க. விர்ச்சுவல்பாக்ஸ்னா லினக்ஸுக்குள்ளயே ஒரு தனி கம்ப்யூட்டர் மாதிரி, அதுல விண்டோஸ் 7 போட்டு பிரிண்டரோட யூஎஸ்பியை உள்ள திருப்பிவிட்டா பழைய டிரைவரே வேலை செய்யும்.

தொண்டி_மின்ட்:
4 ஜிபில விர்ச்சுவல்பாக்ஸா காக்கா? உள்ள 2 குடுத்துட்டு வெளிய பிரவுசர்ல நாலு பக்கம் திறந்தா மெஷின் படுத்துடும். லைசென்ஸ் வேற தனியா வேணும்.

கீழக்கரை_காக்கா:
32 பிட் விண்டோஸ் 7-க்கு 1 ஜிபி போதும்னு மைக்ரோசாஃப்டே சொன்னதுதான். மெஷின் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ் செட்டிங்ஸ்ல விர்ச்சுவலைசேஷன் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாக்கணும். இன்னொண்ணு, டிடிபி கடைக்கு வர்றவன் எல்லாம் பென் டிரைவோட வர்றான். வைன்ல இசட் டிரைவ்னு உங்க முழு டிஸ்க்கும் தெரியும். விண்டோஸ் வைரஸ் வைன்லயும் ஓடிட்டா உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்கிற பத்திரிகை ஃபைல் எல்லாம் அது கையில. விர்ச்சுவல்பாக்ஸ்ல நெட்டை வெட்டிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சா, கெட்டுப்போனாலும் பழைய நிலைக்குத் திருப்பிடலாம்.

தொண்டி_மின்ட்:
இசட் டிரைவை வைன் செட்டிங்ஸ்ல எடுத்துடலாமே.

பாம்பன்_பாலா:
எடுத்தாலும் அது பூட்டு ஆகாதுப்பா, வைனை அந்தப் பாதுகாப்புக்காகச் செய்யல. அதை விடுங்க, டைப்பிங்கை யாருமே கேக்கல. தனி கீபோர்டு புரோகிராம் இல்லாம பாமினி ஃபான்ட்லயே நேரடியா அடிக்கிறவருக்குக் கவலையில்ல. தமிழ் கீபோர்டு புரோகிராம் வச்சு அடிச்சா, வைன் ஜன்னலுக்குள்ள மட்டும்தான் அது கீயைப் பிடிக்கும். லிப்ரெஆபீஸ்ல அடிக்கணும்னா லினக்ஸோட ஐபஸ்ங்கிற டைப்பிங் வசதியில தமிழ்99 கீபோர்டைத் தனியாப் போட்டுக்கணும், அதுல வர்றது யூனிகோடு எழுத்து, பாமினி இல்ல.

தங்கச்சிமடம்_டிடிபி:
நான் பாமினி நேரடிதான். பிரிண்டர்தான் சிக்கல், பழைய லேசர், விண்டோஸ் டிரைவர் சிடி மட்டும் இருக்கு. இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டுட்டு காக்கா சொன்ன வழியில போறேன்.

தொண்டி_மின்ட்:
ரேம் வாங்குறதுக்கு முன்னாடி எந்தப் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருக்குன்னு சொல்ற ஓப்பன்பிரிண்டிங் தளத்துல அந்த மாடலை ஒருதரம் தேடிப் பாருங்கண்ணே. அங்க இருந்தா ரேம் காசு மிச்சம்.