ஃபங்ஷன் ஸ்டேபிள், கான்ஸ்ட் மட்டும் இன்னும் இல்லை: உங்கள் அனுபவம்?

ரஸ்ட் நிரலாக்க மொழியில் கான்ஸ்ட் ஃபங்ஷன் (கம்பைல் நேரத்திலேயே இயக்கக்கூடிய ஃபங்ஷன்) எழுதுகிறவர்கள் இதில் எங்காவது முட்டியிருப்பீர்கள்: ஃபங்ஷன் ஸ்டேபிள், அதாவது இனி மாறாது என்று உறுதி தரப்பட்டது; ஆனால் அதைக் கான்ஸ்ட்டாகக் கூப்பிட இன்னும் அனுமதி இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

கம்பைல் நேரத்திலேயே ஒரு அட்டவணை தயாராக வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் தொடக்கம், முடிவு என்று இரண்டு எண்கள். தலைகீழாக இருந்தால் இடம் மாற்ற வேண்டும். டீமில் அப்போது ரஸ்ட் 1.83. கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் மியூட்டபிள் ரெஃபரன்ஸே (மதிப்பை மாற்ற விடும் சுட்டு) அந்தப் பதிப்பில்தான் ஸ்டேபிள் ஆனது. இரண்டு மதிப்புகளை இடம் மாற்றும் மெம் ஸ்வாப்பைக் கூப்பிட்டால், 'கான்ஸ்ட் ஃபங்ஷனாக இன்னும் ஸ்டேபிள் ஆகவில்லை' என்று எரர். 1.0-இலிருந்து இருக்கிற ஃபங்ஷன் அது!

டாக்குமெண்டேஷனில் வலது ஓரத்தைப் பாருங்கள். காலிப் பட்டியலை உருவாக்கும் வெக் நியூவுக்கு 1.0.0, பக்கத்திலேயே கான்ஸ்ட் 1.39.0 என்று இருக்கும். முதல் எண் ஃபங்ஷன் எந்தப் பதிப்பில் ஸ்டேபிள் ஆனது என்பது, இரண்டாவது அது கான்ஸ்ட்டாக எப்போது ஸ்டேபிள் ஆனது என்பது; இரண்டும் தனித்தனி வாக்குறுதி. ஸ்வாப்புக்கு இரண்டாவது எண் 1.85-இல்தான் கிடைத்தது. அதுவரை ஒரு தற்காலிக வேரியபிள் வைத்து ஓட்டினோம்.

மறுமொழி:
நண்பரே, நான் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள்ளேயே ஒரு சின்ன ஃபங்ஷனுக்கு கான்ஸ்ட் சேர்க்கப் போனேன். சேர்ப்பது ஒரு சொல்தான். ஆனால் சாதாரண ஸ்டேபிள் குறிக்குக் கீழே 'ரஸ்ட்சி கான்ஸ்ட் அன்ஸ்டேபிள்' என்று இன்னொரு குறி, அதில் ஃபீச்சர் பெயர், இஷ்யூ எண் எல்லாம் வேண்டும். கான்ஸ்ட் ஸ்டேபிள் என்று குறித்த ஃபங்ஷன், கான்ஸ்ட் அன்ஸ்டேபிளான ஒன்றை உள்ளே கூப்பிட்டால் கம்பைலர் விடாது. முதலில் கெடுபிடியாகத்தான் தெரிந்தது. யோசித்தால் இது இல்லாமல் முடியாது: யாரோ அந்த ஸ்டேபிள் ஃபங்ஷனைத் தன் கான்ஸ்ட் மதிப்பில் பயன்படுத்திவிட்டால், அடியில் இருக்கும் சோதனை நிலை இன்ட்ரின்சிக்கை (கம்பைலரே உள்ளே தரும் ஃபங்ஷனை) அப்புறம் மாற்றவும் முடியாது, எடுக்கவும் முடியாது. மீறுவதற்கும் ஒரு குறி இருக்கிறது; கான்ஸ்ட் மதிப்பீட்டைக் கவனிக்கிற குழுவிடம் கேட்காமல் அதைப் போடக்கூடாது. சரியான ஏற்பாடு என்றே சொல்வேன்.

மறுமொழி:
எனக்குச் சிக்கல் ஃப்ளோட்டில், அதாவது தசமப் புள்ளி எண்களில். கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் இரண்டு எஃப்64-ஐ (64 பிட் ஃப்ளோட்) பெருக்க 1.82 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் NaN மதிப்பின் பிட்டுகள் கம்பைல் நேரத்தில் ஒரு மாதிரியும் ஓடும்போது வேறு மாதிரியும் வரலாம் என்பதுதான் சிக்கல். ஆர்எஃப்சி 3514 (ரஸ்ட் மாற்றங்களுக்கான முன்மொழிவு ஆவணம்) அதற்கு விதி வகுத்த பிறகே திறந்துவிட்டார்கள். தாமதத்தில் எனக்கு வருத்தமில்லை. பழைய கம்பைலரையும் ஆதரிக்கிற லைப்ரரி வைத்திருப்பவர்கள் அந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.