புரை ஆபரேஷனுக்குப் பிறகு கருவிழி வீக்கம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. ஏழு மாதங்களுக்கு முன் வலது கண்ணில் புரை ஆபரேஷன், லென்ஸ் வைத்தார்கள். பார்வை தெளியவே இல்லை. காலையில் எல்லாம் புகைமூட்டம், மதியத்துக்கு மேல் கொஞ்சம் பரவாயில்லை. இரண்டு மாதமாகக் கருவிழியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அது உடையும் இரவுகளில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தி, திண்ணையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருப்பார். வலை பின்னுகிறவர், இப்போது ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறார்.

5 சதவீத உப்புச் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, ஸ்டீராய்டு சொட்டு, பிறகு கருவிழி மேல் கட்டு மாதிரி வைக்கும் பேண்டேஜ் லென்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று. அந்த பேண்டேஜ் லென்ஸ் இருந்தவரை வலி குறைந்தது, பார்வை அப்படியேதான். (தாய்ப்பால் விடச் சொன்னவர்களும் உண்டு. விடவில்லை.)

கருவிழியின் உட்புறச் செல்கள் போய்விட்டன, மறுபடி வளராது, தானமாகக் கிடைக்கும் உள்படலத்தை மட்டும் வைக்கும் டிசெக் ஆபரேஷன்தான் வழி என்கிறார் மதுரை டாக்டர். உள்ளே விடும் காற்றுக்குமிழி படலத்தை ஒட்டவைக்க மல்லாந்தே படுக்க வேண்டுமாம். சரி, செய்துவிடலாம். ஆனால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வர பயமாக இருக்கிறது.

டிசெக் செய்துகொண்டவர்கள், ஊர் திரும்பும்முன் எத்தனை நாள் மதுரையிலேயே தங்கினீர்கள்?