அனுபவப் பகிர்வு: செம்பனைக் குலைக்கு ஏஐ விற்கப் போன கதை

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன். 2007இல் ஊர்ப்பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டாலும் வாயில் வருவது பழையதுதான். 1917இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கம்தான். வீட்டில் எல்லாரும் குலை பார்த்து வளர்ந்தவர்கள். அந்தத் தைரியத்தில், குலை பழமா காயா என்று கேமராவில் பார்த்துச் சொல்லும் மென்பொருளை விற்கக் கிளம்பினேன்.

முதலில் போனது, சிறுதோட்டக்காரர்களிடம் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு முதலாளியிடம். நம்மவர்தான், அறுபதைத் தாண்டியவர். மடிக்கணினியைத் திறந்து இருபது நிமிடம் பேசினேன். எத்தனை படம் காட்டிப் பழக்கினோம், எவ்வளவு துல்லியம், எல்லாம் சொன்னேன். “தம்பி, தே ஆறுது, குடிங்க” என்றார். அதோடு சரி.

உடனே எழுந்து வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மழை விட்டதும் ஒரு லோரி வந்தது. மண்டோர் (மேற்பார்வையாளர்) நாலு குலையை ஒதுக்கி, “காய்” என்றார். கொண்டுவந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எதுய்யா காய்? திருப்பிப் பாரு, எத்தனை பழம் உதிர்ந்திருக்கு!” இருவரும் குனிந்து, பழம் உதிர்ந்த குழிகளை விரலால் எண்ணினார்கள். பத்துக் குழியாவது புதிதாக இருந்தால்தான் பழுத்த குலை என்பது கணக்கு. ஒருவருக்கு ஒன்பது வந்தது, மற்றவருக்குப் பதினொன்று.

மண்டோர் விட்டுக்கொடுத்தால் ஆலையில் பணத்தைக் கழித்துக்கொள்வார்கள், நட்டம் முதலாளி தலையில். கறாராக நின்றால் பெரியவர் அடுத்த அறுவடையை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார். “போன மாசம் மட்டும் மூணு பேர் போயிட்டாங்க தம்பி. அதுல ரெண்டு பேர் எங்கப்பா காலத்து ஆளுங்க” என்றார் முதலாளி. துல்லியம் பற்றி நான் பேசியபோது வராத முகவாட்டம் அப்போதுதான் வந்தது.

அடுத்த முறை மடிக்கணினி இல்லாமல் போனேன். இரண்டு வாரம் காசில்லாமல் வைத்துப் பாருங்கள் என்றேன். கேமராவுக்கு மேல்பக்கம்தான் தெரியும், மழையிலும் மாலை இருட்டிலும் தப்பாகச் சொல்லும், சந்தேகமான குலையை ஆள்தான் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். மண்டோர் முறைத்தார். வேலைக்கு வேட்டு என்று நினைத்திருப்பார். “அண்ணே, முடிவு உங்களோடது, திட்டு மட்டும் கேமராவுக்கு” என்றதும்தான் சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஒதுக்கின குலையோட படம், எடைச் சீட்டோட கொண்டுவந்தவங்க போனுக்கே போகுமா?” இன்று அவர் மாதாமாதம் பணம் கட்டுவது அதற்குத்தான். புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் அனுப்பும் அந்த வேலையில் ஏஐ எதுவும் இல்லை என்பது என் நண்பர்களுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

பதில் 1
நான் கோலசிலாங்கூரில் சேலைக்கடை வைத்திருக்கிறேன். எனக்கும் ஒருவர் தானாகப் பதில் சொல்லும் ஏஐ விற்றார். என் வாடிக்கையாளர்கள் எழுத மாட்டார்கள், குரல்பதிவுதான். “அக்கா, அந்த மாம்பழக் கலர் இருக்கா, பெராப்பா?” என்பார்கள். பெராப்பா என்றால் மலாயில் எவ்வளவு என்று அர்த்தம். அதற்கு இது, “வணக்கம், உங்கள் ஆர்டர் எண் என்ன?” என்று கேட்கும். இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டேன். என் தலைவலி என்ன என்று அவர் கேட்கவே இல்லை. தீபாவளி நேரத்தில் ரவிக்கை எந்தத் தேதிக்குத் தைத்து வரும் என்பதுதான் தலைவலி.

பதில் 2
எங்கள் ஹார்ட்வேர் கடைக்கு வந்தவர் பயமுறுத்தி விற்கப் பார்த்தார். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் (ரிங்கிட்) தாண்டினால் 2026 ஜனவரியிலிருந்து இ-இன்வாய்ஸ் (மின்னணு விற்பனைச் சீட்டு) கட்டாயம், எங்கள் ஏஐ இல்லாவிட்டால் அபராதம்தான் என்றார். முதல் பாதி உண்மை. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தை இலவசமாகவே பயன்படுத்தலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. மகள் சொல்லித்தான் தெரிந்தது. அவர் இனி நல்ல பொருளே கொண்டுவந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பதிவு எழுதியவர்
அக்கா, ரவிக்கைத் தேதிக்கு ஏஐ எதற்கு? சுவரில் பெரிய காலண்டர் ஒன்று மாட்டி எழுதி வைத்தாலே போதுமே. காசு வேண்டாம்.

பதில் 1
காலண்டர் இருக்கு தம்பி. தையல்காரர் அதைப் பார்ப்பதில்லை. அதற்கு ஏதாவது இருந்தால் வா.