கஞ்சா வழக்கு: பறிமுதல் முதல் ஆய்வக அறிக்கை வரை எந்த ஆவணத்தை எதோடு ஒப்பிடுவது?

ஜூனியர்_மதுரை:
வணக்கம். ஒரு கஞ்சா வழக்கின் குற்றப்பத்திரிகை நகலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மகஜரில் (பறிமுதலின்போது எழுதும் பதிவு) ஒரு சாக்கு, உள்ளே 11 பொட்டலம், மொத்தம் 22 கிலோ. சம்பவ இடத்திலேயே எஸ்1, எஸ்2 என்று 50 கிராம் வீதம் இரண்டு மாதிரி எடுத்து அரக்கு முத்திரை வைத்திருக்கிறார்கள். மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது 43-ஆவது நாள். அங்கே எஸ்1 எடை 46.8 கிராம். அறிக்கை கஞ்சா என்றுதான் சொல்கிறது. பொருள் கைமாறிய வரிசையை எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குவது? போதைப்பொருள் சட்டத்தின் (என்டிபிஎஸ்) 52ஏ பிரிவு பற்றியும் சொல்லுங்கள்.

அரக்குமுத்திரை:
அறிக்கை கஞ்சா என்று சொல்வதில் சண்டை இல்லை. சாக்கிலிருந்து எடுத்ததுதான் ஆய்வக மேசைக்குப் போனதா என்பதே கேள்வி. விஜய் பாண்டே வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஆய்வக அறிக்கை மட்டும் போதாது, பறிமுதல் செய்த பொருளோடு அதை இணைத்துக் காட்ட வேண்டும்.

ஒரு தாளில் தேதியும் நேரமும் எழுதிக்கொண்டு வாருங்கள். மகஜர், நிலையப் பொறுப்பு அதிகாரி பொருளைப் பெற்றது, சொத்துப் பதிவேட்டில் ஏறியது, நீதிமன்றத்தில் ஒப்படைத்தது, மாதிரியை அனுப்பக் கோரிய மனு, நீதிமன்றக் கடிதம், ஆய்வகத்தின் பெறுகை முத்திரை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். 43 நாளில் எத்தனை நாள் நிலையத்தில், எத்தனை நாள் நீதிமன்றத்தில் என்று பிரியும். நீதிமன்ற அலுவலகத்தில் தங்கிய நாட்களை வைத்துக் காவல் துறையைக் குறுக்கு விசாரணை செய்தால் ஒன்றும் கிடைக்காது. நிலையத்தில் கிடந்த நாட்களுக்குத்தான் பதில் வாங்க வேண்டும்.

அடுத்தது முத்திரை. அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி நிலையப் பொறுப்பு அதிகாரியின் முத்திரையும் மாதிரியின் மேல் விழ வேண்டும். மகஜரில் முத்திரையின் எழுத்து என்ன, எத்தனை முத்திரை என்று எழுதியிருக்கிறதா? முத்திரையின் அச்சு தனித் தாளில் பதிந்து ஆய்வகத்துக்குப் போனதா? "முத்திரைகள் சேதமின்றி இருந்தன" என்று மட்டும் அறிக்கை சொன்னால் பாதிதான். அனுப்பிய மாதிரி அச்சோடு ஒத்துப்போனதாகவும் சொல்ல வேண்டும். குர்மயில் சிங் வழக்கில் (2005) சொத்துப் பதிவேட்டையும் தாக்கல் செய்யவில்லை, ஒப்பிட முத்திரை அச்சும் ஆய்வகத்துக்குப் போகவில்லை, விடுதலை உறுதியானது.

மாதிரியைக் கொண்டுபோன காவலரைச் சாட்சிப் பட்டியலில் தேடுங்கள். பல வழக்குகளில் அவர் பெயரே இருக்காது.

தராசுமுள்:
எடையில் கொஞ்சம் நில்லுங்கள். வணிக அளவு என்பது 20 கிலோவுக்கு மேல். அந்தக் கோட்டைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, 1 லட்சம் அபராதம், ஜாமீனுக்கு 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். 20 வரைக்கும் என்றால் 10 ஆண்டு என்பது உச்சவரம்பு. ஜாமீனுக்கு அந்தத் தடையும் இல்லை. உங்கள் 22 கிலோ சாக்கோடா, சாக்கு இல்லாமலா? பொட்டலம் சுற்றிய பிளாஸ்டிக் டேப், தாள், சாக்கு எல்லாம் கழித்தால் நிகர எடை எவ்வளவு? 11 பொட்டலத்தையும் தனித்தனியே எடை போட்டார்களா, சாக்கை அப்படியே தூக்கி வைத்தார்களா? எடைக்கல் வைத்த தராசா, மின்னணுத் தராசா, அது யாருடையது, முத்திரையிட்டதா என்பதும் மகஜரில் வர வேண்டும்.

சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. "இலை, தண்டு, விதையுடன்" என்று மகஜரில் எழுதியிருந்தால், அங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது.

50 கிராம் 46.8 ஆனதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஈரமாகப் பிடித்த கஞ்சா காய்ந்தால் எடை குறையும், ஆய்வகத் தராசு நுணுக்கமானது என்று அரசுத் தரப்பு சொல்லும், அது நியாயமும்கூட. எடை கூடியிருந்தால்தான் விளக்கம் சொல்வது கடினம். ஆய்வக எடை உறையோடா, உறையில்லாமலா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று: 11 பொட்டலத்தில் எதிலிருந்து மாதிரி எடுத்தார்கள்? ஒரே அளவு, ஒரே குறியீடு, போதைப்பொருளை நிற மாற்றத்தால் அறியும் சோதனைப் பெட்டியில் ஒரே நிறம் வந்தால் கஞ்சாவில் 40 பொட்டலம் வரை ஒரு தொகுதியாகச் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்க வேண்டும். ஒரு பொட்டலத்தில் மட்டும் எடுத்திருந்தால் மீதிப் பத்தும் கஞ்சாதான் என்பதற்குச் சான்று எங்கே?

ஜூனியர்_மதுரை:
நன்றி சார். மகஜரில் "மேற்படி பொட்டலங்களிலிருந்து" என்று மட்டும்தான் இருக்கிறது. மீதிச் சரக்கை அழித்துவிட்டதாக ஒரு குறிப்பும் இருக்கிறது. மாஜிஸ்திரேட் சான்றிதழ் எதுவும் நகலில் இல்லை.

அரக்குமுத்திரை:
அப்படியானால் 52ஏ-தான் உங்கள் வழக்கின் மையம். பட்டியல் தயாரித்து, மாஜிஸ்திரேட் முன் வைத்து, அவர் முன்னிலையில் புகைப்படமும் மாதிரியும் எடுத்து, அவர் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்று இருந்தால் சரக்கை அழித்த பிறகும் அதுவே முதன்மைச் சான்று. அதுவும் இல்லை, சரக்கும் இல்லை என்றால் நீதிமன்றத்தின் முன் எதைக் காட்டுவார்கள்? சான்றிதழ் நகல் கேட்டு முதலில் மனுப் போடுங்கள். நகலில் விடுபட்டிருக்கவும் கூடும்.

சம்பவ இடத்திலேயே மாதிரி எடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று மோகன்லால் தீர்ப்பு (2016) சொல்லிவிட்டது. 2022 டிசம்பரில் இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளும் மாஜிஸ்திரேட் முன் என்றே சொல்கின்றன. கஞ்சாவுக்கு மாதிரி 24 கிராமுக்குக் குறையக் கூடாது, அதுவும் இரண்டு மாதிரி.

தராசுமுள்:
ஒரு எச்சரிக்கை. சிமரன்ஜித் சிங், யூசுப் (இரண்டும் 2023) தீர்ப்புகளை மட்டும் வைத்து "52ஏ இல்லை, ஆகவே விடுதலை" என்று வாதிடும் காலம் முடிந்தது. 2025 ஜனவரியில் பாரத் ஆம்பலே வழக்கில் உச்ச நீதிமன்றம், விதிமீறல் மட்டுமே வழக்கைக் கொன்றுவிடாது என்றது. சான்றுப் பொருளில் முரண்பாடு இருந்து, அரசுத் தரப்பு வழக்கே ஐயத்துக்கு உள்ளாக வேண்டும். மீறல் நடந்தது என்பதற்கான அடிப்படையை எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) முதலில் காட்ட வேண்டும்; அதற்குச் சாத்தியக்கூறுகளின் மேலோங்கல் போதும், அதாவது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். பிறகு சுமை அரசுத் தரப்புக்குத் திரும்பும். அதனால் எடை, முத்திரை, தேதி முரண்களைச் சாட்சிகளின் வாயிலிருந்து பதிவில் ஏற்றுங்கள். எழுத்து வாதத்தில் முதன்முறையாக எழுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பறிமுதல் 2024 ஜூலை 1-க்குப் பிறகு என்றால் காணொளியையும் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) 105-ஆவது பிரிவுப்படி சோதனையும் பறிமுதலும் பதிவாகியிருக்க வேண்டும். தராசு முகப்பில் என்ன எண் என்பது அதில் தெரிந்துவிடும்.