திருப்பூர் ஆலைகள் சிறியதாக இருப்பதற்கு நூறு பேர் வரம்புதான் காரணமா?

நொய்யல்கரை:
“நூறு பேரைத் தொட்டால் ஆட்களைக் குறைக்கவோ ஆலையை மூடவோ அரசின் அனுமதி வேண்டும் என்று 2025 வரை இருந்த சட்டத்துக்குப் பயந்து திருப்பூர்க்காரர்கள் 99 பேரோடு நின்றுவிட்டார்கள், நாட்டின் உற்பத்தித்திறன் தேறாததற்கு இந்தச் சிறிய ஆலைகளே காரணம்” என்று நேற்று அளவுகோல் இங்கே எழுதியிருந்தார். பின்னலாடைத் தொழிலில் ஊறிய எவருக்கும் எரிச்சலூட்டும் பேச்சு இது. எங்கள் ஊருக்கு ஒரு டி-சர்ட் ஆர்டர் வந்தால் நூல் நிட்டிங்குக்குப் போகும், துணி சாயப்பட்டறைக்குப் போகும், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்குவது), பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றும் கூலிக்குச் செய்து தரும் ஒவ்வொரு ஜாப் ஒர்க் பட்டறையில் முடியும். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டுமே பெரும்பாலும் பனியன் கம்பெனியின் கூரைக்குள் நடக்கும். ஆர்டர் குவியும் மாதத்தையும் வற்றும் மாதத்தையும் தாக்குப்பிடிக்க வந்த ஏற்பாடு இது. சட்டத்துக்கு ஒளிந்து வந்ததல்ல.

அளவுகோல்:
ஊர்ப்பற்று வேறு, பொருளியல் வேறு. 1976இல் இந்த அனுமதி விதி வந்தபோது வரம்பு 300 பேர்; 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 100 ஆகக் குறைத்தது. அதோடு பின்னலாடை 2005 வரை, பெரிய நிறுவனங்கள் தொடக் கூடாது என்று சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்ட பட்டியலிலும் இருந்தது. பொருளியலாளர்கள் சாங்-தாய் ஷேயும் பீட்டர் கிளெனோவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மூலதனமும் உழைப்பும் அமெரிக்காவில் உள்ள அளவுக்குச் சரியாகப் பங்கிடப்பட்டால் இந்திய உற்பத்தித் துறையின் உற்பத்தித்திறன் 40 முதல் 60 விழுக்காடு உயரும் என்று கணக்கிட்டார்கள். வளர வேண்டிய ஆலையை வளரவிடாமல் தடுத்தது அந்த 100தான்.

நொய்யல்கரை:
அதே ஷே, பெஞ்சமின் ஓல்கனோடு சேர்ந்து 2014இல் எழுதியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சட்டத்துக்குப் பயந்து எல்லோரும் நிற்கிறார்கள் என்றால் நூறுக்குச் சற்றுக் கீழே ஆலைகள் குவிந்திருக்க வேண்டும். அவர்கள் இந்தியத் தரவில் தேடினார்கள். பொருட்படுத்தும்படியான குவியல் எதுவும் அங்கே இல்லை. ஒதுக்கீட்டுப் பட்டியலைக் காட்டியும் பயனில்லை, ஏனெனில் உற்பத்தியில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்ய ஒப்புக்கொண்ட பெரிய நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. திருப்பூர் ஏற்றுமதி ஊர் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அளவுகோல்:
பதிவேட்டை நம்பி எழுதப்பட்ட ஆய்வு அது. ஒரே முதலாளி மூன்று பெயர்களில் மூன்று கம்பெனி வைத்திருந்தால் தரவில் மூன்று சிறிய ஆலைகள்தான் தெரியும். எதற்காக மூன்றாகப் பிரிக்கிறார்? நூறுக்காகத்தான்.

மூன்றாம் ஷிப்ட்:
இருவரும் நூறு, நூறு என்கிறீர்கள்; அந்த நூறில் யாரை எண்ணுகிறீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. நான் ஓவர்லாக் மெஷினில் தைத்த கம்பெனியில் பவர் டேபிள் என்கிற தையல் வரிசை முழுவதும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். பீஸ் ரேட்டில், அதாவது ஒரு துணிக்கு இவ்வளவு என்ற கூலியில் தைத்தோம். கம்பெனிப் பதிவேட்டில் எங்கள் பெயர் கிடையாது. ஆர்டர் நின்ற வாரம், சனிக்கிழமை கணக்கு முடித்து, திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார்கள். எந்த அரசிடமும் எவரும் அனுமதி கேட்கவில்லை. 10 பேர் இருந்தாலே வர வேண்டிய ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் எங்களுக்கு வரவில்லை.

நொய்யல்கரை:
உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படியல்ல. அளவுகோலுக்கு வருகிறேன். பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் மும்பைக்கு அருகே உள்ள துணி ஆலைகளில் செய்த சோதனை 2013இல் வெளிவந்தது. அவை இந்திய அளவில் பெரிய நிறுவனங்களின் ஆலைகள், நூறை எப்போதோ தாண்டியவை. அங்கே நூல் கணக்கில்லாமல் குவிந்து கிடந்தது, பழுதான துணியின் காரணம் எழுதிவைக்கப்படவில்லை. நிர்வாக முறைகளைத் திருத்தியதும் ஓராண்டில் உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. அளவே திறன் என்றால் அந்த 17 விழுக்காடு அதுவரை எங்கே போயிருந்தது?

அளவுகோல்:
அதே ஆய்வில்தான், குடும்பத்துக்கு வெளியே ஒருவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்க மனமில்லாததால் நிறுவனங்கள் வளரவில்லை என்றும் இருக்கிறது. மகன் அல்லது மைத்துனர் தவிர வேறு மேலாளரை வைக்காத ஊருக்கு அது நன்றாகப் பொருந்தும்.

நொய்யல்கரை:
அப்படியானால் காரணம் மைத்துனரா, நூறா? ஒன்றைச் சொல்லுங்கள்.

அளவுகோல்:
இரண்டும்தான், முதலில் நூறு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் நினைத்துப் பாருங்கள். பட்டறைகள் பெரியதாக இருந்திருந்தால் கழிவு நீர்ச் சுத்திகரிப்புக்கான செலவைத் தாங்கியிருக்கும்.

நொய்யல்கரை:
சிறிய பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்து, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு வந்தன. நாட்டில் வேறெங்கும் எளிதில் காண முடியாத சாதனை அது. அதற்காக நாங்கள் சுமந்த கடனைப் பற்றி உங்களைப் போன்றவர்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

மூன்றாம் ஷிப்ட்:
திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியபோது கீழே இருந்த விவசாயிகள் சுமந்ததையும் சேர்த்து எழுதுங்கள். நீதிமன்றம் சொல்லும் வரை பெரியவர், சிறியவர் எவருக்கும் அது கண்ணில் படவில்லை.

நொய்யல்கரை:
நதியைப் பற்றித் தனியாகப் பேசுவோம், ஓடிவிட மாட்டேன். இங்கே பேச்சு நூறைப் பற்றியது. ராஜஸ்தான் 2014இலேயே வரம்பை 300 ஆக்கியது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதே 300ஐ எழுதியது. நூறுதான் பூட்டு என்றால், பூட்டைத் திறந்த ராஜஸ்தானில் ஆயிரம் பேர் தைக்கும் ஆலைகள் வரிசையாக எழுந்திருக்க வேண்டும். எங்கே அவை? ஒரு சீசனில் 400 பேருக்கு வேலையும் அடுத்த சீசனில் 150 பேருக்கு வேலையும் வைத்திருப்பவன், எந்தச் சட்டம் வந்தாலும் 400 பேரை மாதச் சம்பளத்தில் வைத்திருக்க மாட்டான்.

அளவுகோல்:
முப்பது ஆண்டுப் பழக்கம் ஒரே திருத்தத்தில் மாறாது. 99இல் நிறுத்தக் கற்றுக்கொண்டவர்கள் 299இல் நிறுத்துவார்கள்.

நொய்யல்கரை:
99இல் நின்ற ஆலைகளின் குவியலைத் தரவில் காட்டுங்கள் என்று முதலிலேயே கேட்டேன். இன்னும் காட்டவில்லை.