சர்வர் அறை மதியம் கொதிக்கிறது: மாடுலர் டேட்டா சென்டர் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். நெல்லை வண்ணார்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம். ஆறு கிளைகளின் பில்லிங்கும் எங்கள் சர்வரில்தான் ஓடுகிறது. மூன்று வாரமாக மதியம் இரண்டு மணிக்கு மேல் சர்வர் தானாக அணைந்துவிடுகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். அதற்குப் பிறகு ரேக்கை (சர்வர்களை அடுக்கி வைக்கும் அலமாரி) மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறைக்கு ஏற்றினோம். இப்போது வெயில்தான் பிரச்சினை.

42யூ (ஆளுயர) ரேக் ஒன்று, நான்கு சர்வர், 6 கேவிஏ யுபிஎஸ், லோடு சுமார் 3 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி இரண்டு போட்டாச்சு, தளத்துக்கு வெள்ளை கூல் பெயிண்ட் அடித்தாச்சு, ஃபேன் தூசியும் எடுத்தாச்சு. ஆனாலும் ரேக் முன்னால் தெர்மாமீட்டர் 36 டிகிரி காட்டுகிறது. பரிந்துரைப்படி 27-ஐத் தாண்டக் கூடாது. கரண்ட் போனால் யுபிஎஸ் சர்வரைத் தாங்கும், ஏசி நின்றுவிடும். கால் மணி நேரத்தில் ரேக் கதவின் கைப்பிடியே சுடுகிறது.

அப்புறம், கங்கைகொண்டான் பக்கம் குடோன் கட்டுகிறோம். அங்கே மாடுலர் டேட்டா சென்டர் வைக்கலாமா என்று யோசனை. மாடுலர் என்றால் ரேக், யுபிஎஸ், கூலிங், தீயணைப்பு எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்திச் சோதித்து வரும். உயரமாக மேடை கட்டி இறக்கிவிடலாம், கிளை கூடினால் இன்னொன்று சேர்க்கலாம். தனி அறை கட்டுவதைவிட இதுவே சரி என்று படுகிறது.

இந்த 3 கிலோவாட் லோடுக்கு ஒற்றை ரேக் மூடிய கேபினட் (ஒரே ரேக்கும் அதற்கான கூலிங்கும் உள்ள மூடிய அலமாரி) போதுமா, கன்டெய்னர் வகைதான் (கப்பல் கன்டெய்னர் போன்ற பெட்டிக்குள் முழு சர்வர் அறை) வேண்டுமா?