19 வயதில் போன இந்திரலால் ராய்: 13 நாளில் 10 விமானம் என்பது உண்மையா?

ஆல்பம் அண்ணாமலை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய தபால்தலை ஆல்பத்தைப் பிரித்துப் புதிதாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தலைக்கும் கீழே நாலு வரி எழுதி ஒட்டுவது பழக்கம். 1998-ல் இந்திரலால் ராய்க்குப் பிறந்தநாள் நூற்றாண்டுத் தபால்தலை வந்ததே, அதற்கு எழுத உட்கார்ந்து இரண்டு நாளாகப் பேனா நகரவில்லை.

கல்கத்தாவில் 1898 டிசம்பர் 2 பிறப்பு. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பைலட். 1918 ஜூலை 22-ல் பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டார். இதுவரை சரி. அதற்கு மேல் படிப்பதெல்லாம் சினிமாக் கதை மாதிரி இருக்கிறது. கண் சரியில்லை என்று தள்ளப்பட்டவர், மோட்டார் சைக்கிளை விற்றுப் பெரிய கண் டாக்டரிடம் போய்ச் சான்று வாங்கினாராம். விமானம் விழுந்து, செத்துவிட்டார் என்று பிணவறையில் போட்ட பிறகு எழுந்து கதவைத் தட்டினாராம். அப்புறம் 13 நாளில் 10 விமானத்தை வீழ்த்தினாராம். இதில் எதை நம்பி எழுதுவது? விமானப்படையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வடபழனி வாசகன்:

நல்ல கேள்வி. முதல் உலகப்போர் என்றால் நமக்கு எம்டன் கப்பல் 1914-ல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டதோடு கதை முடிந்துவிடுகிறது. இப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

அண்ணாமலை தம்பி, நான் பைலட் இல்லை. தாம்பரத்தில் பயிற்சி முடித்து, ரிட்டயர் ஆகும்வரை எஞ்சின் ஃபிட்டராக இருந்தவன். கீழே நின்று மேலே பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கை. பொய் இல்லை, ஆனால் அந்தக் காலக் கணக்கு. 1918 ஜூலை 6-ல் முதல் வெற்றி, 19-ல் கடைசி. நடுவில் 8-ஆம் தேதி ஒரே நாளில் மூன்று. அவர் கணக்கில் ஏறிய பத்தில் ஐந்துதான் "அழிந்தது". மீதி ஐந்து "கட்டுப்பாடிழந்து கீழே போனது" என்று பதிவானவை. சில வெற்றிகள் இன்னொருவரோடு பங்கு. பிரிட்டிஷ்காரர்கள் எல்லை தாண்டிப் போய்த்தான் பெரும்பாலும் சண்டை போட்டார்கள். எதிரி விமானம் அவன் பக்கம்தான் விழும். போய்ப் பார்த்து எண்ண முடியுமா? அதனால் எல்லாப் பைலட்டுக்கும் அப்படித்தான் கணக்கு எழுதினார்கள். அவருக்குக் கொடுத்த டி.எஃப்.சி. (டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ்) வீர விருதுக் குறிப்பே 13 நாளில் ஒன்பது என்றுதான் சொல்கிறது. நீங்கள் பத்து என்று எழுதலாம், தப்பில்லை.

பிணவறைக் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நடந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 1917 டிசம்பர் 6-ல் அவருடைய எஸ்.இ.5 ரகப் போர்விமானம் விழுந்ததும் அவர் படுகாயம் அடைந்ததும் உறுதி. மோட்டார் சைக்கிள் கதையும் அப்படித்தான். விற்றாரோ இல்லையோ, கண் பரிசோதனையில் முதலில் தள்ளப்பட்டு, மறுபடி சான்று வாங்கிச் சேர்ந்தார். இரண்டுக்கும் பக்கத்தில் "என்பார்கள்" என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள்.

ஆனால் தம்பி, அந்தப் பதின்மூன்று நாளைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அதற்கு முந்தைய எட்டு மாதத்தைப் பாருங்கள். எனக்கு அதில்தான் ஆள் தெரிகிறார்.

அக்டோபர் 1917-ல் அவரை 56-ஆம் ஸ்குவாட்ரனில் (விமானப் படைப்பிரிவு) போட்டார்கள். பெரிய பெரிய கில்லாடிகள் இருந்த இடம். அங்கே இவர் பெயர் எடுத்த மாதிரி ஒன்றும் இல்லை. அஞ்சு வாரத்தில் விமானத்தோடு விழுந்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. படுத்த இடத்தில் விமானமாக வரைந்து தள்ளியிருக்கிறார், அந்தப் படங்களில் சில இன்னும் இருக்கின்றன. மறுபடி பறக்க உடல் தகுதி கிடைத்து, 1918 ஜூனில் 40-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தார். அங்கே இவருக்குக் கிடைத்த ஃப்ளைட் கமாண்டர் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்ற அயர்லாந்துக்காரர். அங்கேதான் பையன் மாறுகிறார். அதே கண், அதே கை. விழுந்த ஸ்குவாட்ரனில் பூஜ்யம், இங்கே இரண்டே வாரத்தில் பத்து. நல்ல சீனியர் கையில் சிக்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் லைனில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கீழ்மட்டத்து ஆட்கள் இதைச் சொன்னால் ஆபீசர்களுக்குப் பிடிக்காது, அது வேறு.

அங்கே அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ எப்படிப்பட்ட வண்டி என்று ஒன்று சொல்கிறேன், உங்களுக்குப் புரியும். மரச்சட்டம், மேலே துணி. முன்னால் விக்கர்ஸ் துப்பாக்கி ஒன்று, மேல் இறக்கைக்கு மேலே லூயிஸ் துப்பாக்கி ஒன்று. லூயிஸில் தோட்டா 97 இருக்கும் வட்டப்பெட்டி. தீர்ந்தால் என்ன செய்வார்? ஒரு வளைந்த தண்டவாளத்தில் துப்பாக்கியைத் தன் முகத்துக்குக் கீழிறக்கி, விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, எதிர்க்காற்றில் அந்தப் பெட்டியைக் கழற்றிப் புதிதை மாட்ட வேண்டும். திறந்த காக்பிட். பாராசூட் கிடையாது, அப்போது பிரிட்டிஷ் போர்விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. இதையெல்லாம் 170 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பறக்கும் அனுபவத்தோடு செய்தார்.

எங்கள் காலத்தில் ஏணியில் நின்று பைலட்டுக்கு பெல்ட்டை இழுத்துக் கட்டுவோம். அவர் முகத்துக்கும் நம் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு. பருவே ஆறியிருக்காது. "ஆல் ஓகே, சார்" என்று நாம் சொல்ல வேண்டும், அவன் தலையாட்டுவான். இறங்கி ஏணியை எடுத்துவிட்டு, வண்டி திரும்பி வரும் நேரத்துக்கு ஹேங்கர் வாசலில் வந்து நிற்போம். யாரும் நிற்கச் சொல்வதில்லை. இந்திரலாலுக்கு வயது 19 என்று படிக்கும்போது எனக்கு அந்த ஒரு சாண்தான் நினைவுக்கு வரும்.

ஜூலை 22-ல் கார்வின் ஊருக்கு மேலே நாலைந்து ஜெர்மன் ஃபோக்கர் விமானங்களோடு சண்டை. அவர் வண்டி தீப்பிடித்து விழுந்தது. சீனியர் மெக்கெல்ராய் அதே மாதம் 31-ல் போனார். அந்த மெக்கெல்ராய்க்குச் சொல்லிக்கொடுத்தவர் மிக் மன்னோக். அவர் இரண்டுக்கும் நடுவில் 26-ல் போனார். பத்து நாளுக்குள் ஆசிரியர், ஆசிரியரின் ஆசிரியர், மாணவன் மூன்று பேரும். தபால்தலைக்குக் கீழே இடம் இருந்தால் இதை எழுதுங்கள்.

வரலாறு வாத்தியார்:

ஃபிட்டர் ஐயா உருக்கமாக எழுதுகிறார். ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. இவர் யாருக்காகச் செத்தார்? அடுத்த வருஷமே ஜாலியன்வாலாபாக்கில் நம் ஜனங்களைச் சுட்ட அரசாங்கத்துக்காகத்தானே? இதைச் சொல்லாமல் "மாவீரன்" என்று ஒட்டினால் பாதி வரலாறு.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

வாத்தியார் சார், கேள்வி நியாயமானது. பதில் என் வேலை இல்லை என்றாலும் சொல்கிறேன்.

அந்தப் பையன் சின்ன வயதிலேயே லண்டன் போனவன். படித்தது செயின்ட் பால்ஸ் பள்ளியில். அம்மா லலிதா ராய் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1911-ல் லண்டன் தெருவில் ஊர்வலம் போனவர். அண்ணன் பரேஷ் லால் ராய் பிற்காலத்தில் இந்தியக் குத்துச்சண்டைக்கே தந்தை என்று பெயர் எடுத்தவர். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் போர் அவ்வளவு அந்நியமாகத் தோன்றியிருக்காது. கூடவே இன்னொன்று: அந்தக் காலத்தில் இந்தியர்களுக்கு ராஜா கமிஷன், அதாவது ஆபீசர் பதவி, சுலபத்தில் கிடைக்காது. அதே போரில் பறந்த இன்னொரு இந்தியர் ஹர்தித் சிங் மாலிக் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், அவரையே முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். அவருடைய பேராசிரியர் சண்டை போட்டு எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் கதவு திறந்தது. கதவு மூடியிருக்கிறது என்றால் உள்ளே போய்த்தான் தீருவேன் என்று நிற்பது ஒரு ரோஷம். அதை அரசாங்க விசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜாலியன்வாலாபாக் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அது நடந்தபோது இவர் மண்ணுக்குள் போய் ஒன்பது மாதம். இந்திய விமானப்படை என்று ஒன்று பிறந்ததே 1932-ல். நாங்கள் யாரை முன்னோர் என்று சொல்வது, சொல்லுங்கள்?

வரலாறு வாத்தியார்:

ரோஷம் என்ற சொல்லை ஒப்புக்கொள்கிறேன். விசுவாசம் இல்லை என்பதை மட்டும் இன்னும் யோசிக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஆல்பம் அண்ணாமலை:

இரண்டு பேருக்கும் நன்றி. இந்த மூன்று தேதிகளைத்தான் எழுதப்போகிறேன்: 22, 26, 31. சந்தேகம் ஒன்று பாக்கி. கல்லறை எங்கே இருக்கிறது? ஒரு இடத்தில் வங்காளி எழுத்தில் ஏதோ பொறித்திருக்கிறது என்று படித்தேன்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

வட பிரான்சில் எஸ்டெவெல் ஊர்க் கல்லறைத் தோட்டம். பெரிய ராணுவக் கல்லறை எல்லாம் இல்லை, கிராமத்துக்காரர்கள் தங்கள் ஆட்களைப் புதைக்கும் இடம். கல்லில் பிரெஞ்சு வரியும் வங்காளி வரியும் உண்டு. வங்காளியில், பெருவீரனின் சமாதி இது, மரியாதை காட்டு, தொடாதே என்ற அர்த்தத்தில் இருக்கும். கல்கத்தாவில் பவானிப்பூர் பக்கம் இந்திர ராய் ரோடு என்று ஒரு தெருவும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பெயர்ப்பலகையை ஒரு போட்டோ எடுத்து ஆல்பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடபழனி வாசகன்:

சார், மாலிக் தெரிந்துவிட்டது. அவரோடு அந்தக் காலத்தில் பறந்த மற்ற இந்தியர்கள் யார்?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

எரோல் சந்தர் சென் 1917-ல் ஜெர்மானியரிடம் கைதியாகப் பிடிபட்டார். பம்பாய்க்காரர் வெலிங்கர் 1918 ஜூன் கடைசியில் போனார், இந்திரலாலுக்கு மூன்று வாரம் முன்னால். மாலிக் மட்டும் 1985 வரை இருந்தார், தூதர் எல்லாம் ஆனார். வெலிங்கர் கதையை இதற்குள் அடைத்தால் பையனுக்கு இடம் போதாது. அவருக்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.